நிலாச் சண்டையின் பின்பாதி

புத்தகத்தில் பாதியைக் காட்டி ஓர் ஆளைப் பேருந்தில் ஏறவிடாமல் தடுத்துவிடலாம் என்று நம்பிய முட்டாள் நான். அப்போது ஏழாம் வகுப்புதானே படித்தாய் என்று யாராவது பெரிய மனதோடு மன்னிக்க வரலாம். ஆனால் ஏழாம் வகுப்பில் என்னோடு படித்த மற்றவர்கள் எல்லாரும் அந்த வயதிலேயே என்னைவிட விவரமாகத்தான் இருந்தார்கள் என்பதால், வயதின் மேல் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. மூக்கில் மயில்துத்த வாடை ஏறினால் போதும், அந்த மடத்தனம் முழுசாக எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்துகொள்ளும். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கிண்டிய பசையின் வாடை அது. சித்திரபுரத்து வாசகசாலையின் தகரக் கூரைக்குக் கீழே, மூடுபனியின் ஈரத்தோடு கலந்து, எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கதைக்கு முன்னால் அதுதான் வரும்.

"வாயனசாலை" என்று மலையாளத்தில்தான் நாங்கள் சொல்வோம். கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸுக்கும் எங்கள் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கும் நடுவில், சாலையிலிருந்து இறங்கும் சரிவில் ஒற்றை அறை. சுவரோரம் முழுக்க மலையாளப் புத்தகங்கள், மூலையில் கால் ஆடும் ஒரே ஓர் அலமாரியில் தமிழ்ப் புத்தகங்கள், நடுவில் கேரம் பலகை. அப்பாமார் தேயிலை ஃபேக்டரியிலும் அம்மாமார் கொழுந்துக் காட்டிலுமாகக் கிடந்த எங்கள் லயத்துக்கு அந்தக் கால் ஆடும் அலமாரிதான் சொந்தம். வாசகர்கள் நிறைய, புத்தகங்கள் கொஞ்சம். இந்தக் கணக்கை நேர் செய்ய, வாசகசாலையைப் பார்த்துக்கொண்டிருந்த சுந்தரராசு சார் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

கரண்ட் ஆபீஸில் ஓய்வு பெற்ற சுந்தரராசு சாரிடம், தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் கத்தி ஒன்று இருந்தது. தடிமனான புத்தகம் எது வந்தாலும் அதை மேசைமேல் விரித்துப் போட்டு, நடு முதுகில் அந்தக் கத்தியால் ஒரே இழுப்பு இழுத்து இரண்டாக்கிவிடுவார். பிறகு இரண்டு பாதிக்கும் தனித்தனியாகச் சாக்குத் தையல் போட்டு, சிமெண்டு பேப்பர் அட்டை ஒட்டி, ஒன்றில் "முன்பாதி" என்றும் மற்றதில் "பின்பாதி" என்றும் எழுதிவைப்பார். ஒரு புத்தகம் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் இருக்கும். எந்தப் பாதி கையில் கிடைக்கிறதோ அதை எடுத்துப் போக வேண்டியதுதான். முன்பாதிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அடுத்த மழைக்காலம்வரை காத்திருக்க நேரும். ஆகவே எங்கள் ஊரில் பலருக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் காதல் வரும். செத்துப்போனவர்கள் பிறகு பிறப்பார்கள். துப்பறியும் கதையின் பின்பாதியைப் படித்துவிட்டவனுக்கு லயத்தில் தனி மரியாதை, "கொலகாரன் யாருன்னு சொல்லட்டா?" என்று மிரட்டியே முன்பாதிக்காரனிடம் டீயும் பருப்பு வடையும் வாங்கித் தின்றுவிடலாம். நான் தின்றிருக்கிறேன்.

சாரிடம் இன்னொரு சட்டமும் உண்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர், அதை மேசைமேல் வைப்பதற்கு முன்னால், இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்க "அபிப்பிராயம்" சொல்லியாக வேண்டும். சொல்லாத புத்தகத்தை அவர் வாங்கமாட்டார். "படிச்சத வயித்துக்குள்ளயே வச்சிருந்தா சீரணமாகாது, எறக்கி வச்சிட்டுப் போங்க" என்பார். எதிர் அபிப்பிராயம் உள்ளவர்களும் பேசலாம். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெருக்கியடிக்கும். கேரம் ஆடுகிறவர்கள்கூட ஸ்ட்ரைக்கரைக் கையில் பிடித்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் யாரோ கொடுத்த பழைய புத்தக மூட்டையில் அட்டையும் தலைப்பும் கிழிந்துபோன ஒரு நாவல் வந்தது. எழுதியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. இளவட்டங்களுக்காக எழுதிய விஞ்ஞானக் கதை. ஏதோ ஒரு கிரகத்தைச் சுற்றும் நிலாவில் கனிமம் தோண்டிப் பிழைக்கிற ஜனங்கள். பக்கத்து நிலாவோடு சண்டை. சண்டை இயந்திரங்களின் உள்ளறை சின்னதாக இருப்பதால், மெலிந்த உடம்புள்ள பதினாறு பதினேழு வயதுப் பையன்களைப் பொறுக்கியெடுத்துப் படைக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்களில் ஒருவன் ஆரன். சுந்தரராசு சாரின் கத்தி அந்தக் கதையை மிகச் சரியான இடத்தில் வெட்டிவிட்டது, அல்லது மிகத் தப்பான இடத்தில். முன்பாதி முழுக்கப் புது உடுப்பு, வயிறு நிறையச் சோறு, வெட்டுக்கிளிபோலப் பள்ளத்தாக்கு தாண்டும் இயந்திரம், அதன்மேல் நின்று ஆரன் தன் ஊரைக் கீழே பார்ப்பது. பின்பாதியில்தான் சண்டை. அதில் கூடப் போனவர்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போவார்கள்; எதிரி இயந்திரத்தைப் பிளந்து பார்த்தால் உள்ளே இதே வயதில் இன்னொரு பையன் இருப்பான். ஆரன் ஊர் திரும்பும்போது யார் கூப்பிட்டாலும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

லயத்தில் அதற்கு "நெலாச் சண்ட" என்று பெயர் விழுந்துவிட்டது. முன்பாதியை முதலில் எடுத்துவந்தவன் நான். படித்துவிட்டு, என் முட்டாள்தனத்தின் முதல் தவணையாக, அதை மாரி அண்ணனிடம் கொடுத்து, "அண்ணே, படிச்சுப் பாரு, சோறு தண்ணி எறங்காது" என்றேன்.

மாரி அண்ணன் என் கூடப்பிறந்தவன், என்னைவிட ஏழு வயது மூத்தவன். ஃபேக்டரியில் தற்காலிகமாகப் பச்சை இலை மூட்டை சுமந்துகொண்டிருந்தான். அதிகம் பேசமாட்டான். வேலை முடிந்தால் வாசகசாலையில் கேரம் பலகைக்குப் பக்கத்தில், கையில் கிடைத்த ஏதாவது ஒரு பாதியைப் புரட்டியபடி, தன் முறைக்காகக் காத்திருப்பான். முறை வந்தால் தோற்றுவிட்டு வீட்டுக்கு வருவான். அவன் கீழே மைதானத்தில் நடந்த பட்டாளத்து ஆளெடுப்பில் ஓடி, நெஞ்சளந்து, தேறிவிட்டான் என்பது வீட்டுக்குத் தெரியவந்தது அவன் முன்பாதியை வைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான். இன்னும் இரண்டு வாரத்தில், ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட வேண்டும் என்றான்.

அம்மா அழவில்லை. முறுக்கிக்கொண்டு நின்ற சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி, "இங்க என்னய்யா கொறை?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பா ரிட்டையர் ஆனா லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லுவான்ல. அப்ப எங்கிட்டுப் போறது?" என்றான் அண்ணன்.

"நீ ஃபேக்டரில நிரந்தரமாயிட்டா வீடு நமக்குத்தான."

"எப்ப ஆக்குறது? ஆக்குறவரைக்கும் மூட்டைக்கு அடியில நான் இருக்கணுமே."

அப்பா வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் பதில் இல்லாத கேள்வி எதுவானாலும் அவர் பனியைத்தான் பார்ப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முன்பாதியைத் திருப்பிக் கொடுத்தான். அவன் சொன்ன அபிப்பிராயம் இவ்வளவுதான்: "அங்க சாப்பாடு நல்லா இருக்கு." கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இவனுக்கு நான் கொடுத்த புத்தகம் ஒரு மாதிரி ஆளெடுப்பு நோட்டீஸாக வேலை செய்துவிட்டதே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அந்த வாரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவுக்குப் பின்பாதியின் செய்தி கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பேச்சி அத்தை, தன் மகளை வாசிக்கச் சொல்லிப் பின்பாதி முழுவதையும் கேட்டிருந்தாள். எடுத்த எடுப்பிலேயே இழவு வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருந்தது என்றும், அந்த ஆரன் பயல் திரும்பி வந்து பெற்றவளையே அடையாளம் தெரியாமல் நின்றான் என்றும் கூடையை இறக்காமலேயே சொல்லி முடித்தாள். அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏலே சின்னவனே, அந்தப் புத்தகத்துல மிச்சப்பாதி இருக்காம்ல. அத எப்படியாவது கொண்டாந்து அண்ணன் கண்ணுல காட்டிரு. நாம சொன்னாக் கேக்க மாட்டான். புத்தகம் சொன்னாக் கேப்பான்."

எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குப் புத்தகத்தின்மேல் இருந்த நம்பிக்கை, எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கும் அப்படியே இருந்தது. நான் கிளம்பிவிட்டேன். பேச்சி அத்தை வீட்டில் போய்க் கேட்டால், பின்பாதி ஃபேக்டரி ரோலர் ரூம் ஆறுமுகம் மாமாவிடம் போயிருந்தது. மாமா மிக நிதானமான வாசகர். ஒரு பக்கம் படித்துவிட்டு, அது நியாயமா என்று ஒரு பீடி புகைத்து யோசித்த பிறகுதான் மறுபக்கம் புரட்டுவார். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் போய் அவர் வாசலில் நின்றேன். "என்னலே அவசரம்? சண்டைக்கா போற?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழம தந்துருவேன், போ."

அண்ணன் கிளம்ப வேண்டியது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாங்கிக் கொடுத்தால், படிக்க ஒரு ராத்திரி மிச்சமிருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். அபிப்பிராயத்தைத்தான் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

அன்று ஆறுமுகம் மாமா துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார். பின்பாதியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சாடித் தாண்டுற மிசினுக்கு ஒரு எடத்துலயாவது எண்ணெ போட்டதா எழுதிருக்கானா? இல்ல. எண்ணெ போடாத மிசினு அம்புட்டு தூரம் எப்படிச் சாடும்? பல்லு தேஞ்சு நின்னுறாது?"

"அது வேற கிரகம், மாமா" என்றான் கேரம் பலகையிலிருந்து ஒருவன்.

"எந்தக் கிரகமாயிருந்தா என்னலே? பல்லுச் சக்கரம் பல்லுச் சக்கரம்தான். ஆளும் கொறவு, மெயின்டனன்சும் இல்ல, அப்பறம் தோக்காம என்ன பண்ணுவான்?"

பேச்சி அத்தை ஜன்னலுக்கு வெளியே நின்றபடி உள்ளே குரல் கொடுத்தாள். "எண்ணெயத் தூக்கி அடுப்புல போடுங்கண்ணே. பெத்தவள ஒருத்தியயாவது கேட்டானுகளா, ஒன் புள்ளயக் கூட்டிட்டுப் போறோம்னு? நாலு காசு அதிகம்னா புள்ளயத் தூக்கிக் கொடுத்துருவாளா? அந்த எழுதுன ஆளு கல்யாணமே ஆகாத ஆளா இருக்கும்."

"கதையில கேக்குறாங்க அத்தை. முன்பாதியில ஒரு கூட்டம் வருது" என்று முன்பாதி படித்த பையன் ஒருவன் சொன்னான்.

"எனக்கு முன்பாதி கெடைக்கலையே!"

முன்பாதி படித்தவர்கள் அது அருமையான புத்தகம், படையில் அவ்வளவு வசதி என்றார்கள். பின்பாதி படித்தவர்கள் அது புத்தகமே இல்லை, ஒப்பாரி என்றார்கள். இருவரும் ஒரே கதையைத்தான் பேசுகிறார்கள் என்று வெளியூர்க்காரர் யாராவது வந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். யூனியனில் இருந்த ஒருவர் எழுந்து, அந்த நிலாவில் சங்கம் வைக்காததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார். அதற்கு மாமா, சங்கம் இருந்தாலும் எண்ணெய் போடுவது யார் என்று திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளியே பனி இறங்கி ஜன்னல் வெளுத்துக்கொண்டே வந்தது. மாமா அக்குளில் இடுக்கியிருந்த அந்தச் சிமெண்டு அட்டையைப் பார்த்தபடி, ஒன்றுக்கு முட்டுகிறவன்போல நான் கால் மாற்றி மாற்றி நின்றேன். பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மாமாவின் கை ரோலர் மிஷின் இழுத்துப் பழகிய கை.

கடைசியில் மாமா, "மொத்தத்துல, எழுதுன ஆளுக்கு மிசினப் பத்தித் தெரியாது, மனுசனப் பத்திக் கொஞ்சம் தெரியும்" என்று முடித்துப் புத்தகத்தை மேசையில் வைத்தார். நான் பாய்ந்தேன்.

சுந்தரராசு சார் அட்டையின்மேல் கை வைத்தார். "நில்லு. மொதல்ல முன்பாதி எடுத்தது நீதான? ஒங்கண்ணன்தான் திருப்பிக் கொடுத்தான். ஒன் அபிப்பிராயம் பாக்கி."

எனக்கு அபிப்பிராயமே இல்லை. அதாவது, நிறைய இருந்தது. வெட்டுக்கிளி இயந்திரத்தைப் பற்றி இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த அழகான வாக்கியங்கள் தொண்டையில் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. "எங்கண்ணன் போகக் கூடாது சார்" என்றேன்.

கேரம் ஆடியவன் ஸ்ட்ரைக்கரைப் பலகையில் வைத்தான். மாமா பீடியைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினார். யூனியன்காரர் செருப்பைப் பார்த்தார். சார் மட்டும் கையை எடுத்துக்கொண்டு, "கொண்டு போ" என்றார்.

வீட்டில் அண்ணன் தகரப் பெட்டிக்குள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா அடுப்படியிலிருந்து, நாடகத்தில் முதல் முறையாக நடிக்கிறவள்போலச் சத்தமாக, "ஏய்யா சின்னவனே, அது என்ன புத்தகம்? வாசி, கேப்போம்" என்றாள். நானும் முதல் முறையாக நடிக்கிறவன்தான். பெட்டிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

அண்ணனைப் பயமுறுத்துவதற்காக, செத்துப்போகிற இடங்களில் எல்லாம் குரலை இறக்கினேன். முதல் பையன் போனான்; அண்ணன் பனியனை மடித்தான். இரண்டாவது பையன் போனான். அண்ணன் சோப்பை ஒரு பழைய துணியில் சுற்றினான். ஆரன் எதிரி இயந்திரத்தைத் திறந்து உள்ளே பார்க்கிற இடம் வந்தபோது, என் குரல் இறங்கியது நடிப்புக்காக இல்லை என்று எனக்கே தெரிந்தது. எழுத்து கலங்கியது. அடுப்படியில் அம்மா விம்முகிற சத்தம் கேட்டது. நான் புத்தகத்தை மடியில் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். பயப்பட வேண்டியவன் எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு வந்து, எனக்கு ஒரு டம்ளரும் அம்மாவுக்கு ஒரு டம்ளரும் கொடுத்தான். பிறகு என் மடியிலிருந்து பின்பாதியை எடுத்து, அட்டையைத் துடைத்து, "மழையில நனையாமக் கொண்டு போய்க் கொடு. சார் திட்டுவாரு" என்றான்.

மறுநாள் காலை அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அவர் எதையாவது செய்து நான் பார்த்த ஒரே தடவை அதுதான். பஸ் வந்தது, அண்ணன் ஏறினான், பஸ் பனிக்குள் போனது. பின்பாதியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சார் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில், வடக்கே எல்லையில் ஏதாவது என்று செய்தி வந்தால் அம்மா கொழுந்துக்குப் போகமாட்டாள்; பக்கத்து வீட்டு டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து, செத்தவர்களின் பேரைச் சொல்லி முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்கமாட்டாள். அப்பா ஓய்வு பெற்று லயத்து வீட்டின் சாவியை ஆபீஸில் கொடுத்த அன்று, போய் இறங்குவதற்கு எங்களுக்கு ஒரு வாடகை வீடு இருந்தது. வாடகை வடக்கிலிருந்து வந்தது. நான் படித்ததும் அந்தப் பணத்தில்தான் என்பதால், ஏதாவது இலக்கியக் கூட்டத்தில் போர் கூடாது என்று மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு நாக்கு லேசாகக் குழறும்.

இப்போது நான் பாலக்காட்டில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். இரண்டு பாதியும் சேர்ந்தே இருக்கிற புத்தகங்கள். ஆனாலும் யாரும் வந்து அபிப்பிராயம் சொல்வதில்லை. போனில் நட்சத்திரம் போடுகிறார்கள். விடுமுறைக்குச் சித்திரபுரம் போனால், வாசகசாலை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்குச் சாக்லேட்டும் ஏலக்காயும் விற்கிற கடை பளபளவென்று நிற்கிறது. எங்கள் லயத்தில் பாதிக் கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. மற்ற கதவுகளைத் திறந்தால் அசாமியும் இந்தியும் கேட்கின்றன. ஆறுமுகம் மாமா இல்லை. சார் இல்லை. பின்பாதி எந்தக் கரையானின் வயிற்றில் சீரணமாயிற்றோ தெரியவில்லை.

மாரி அண்ணன் இருக்கிறான். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, சாலையோரம் சின்னதாக வீடு கட்டி, மாடியில் இரண்டு அறையைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். அம்மா அவனோடுதான். இடது காலில் இரண்டு விரல்களைப் பனி தின்றுவிட்டது. சித்திரபுரத்துக் குளிரில் பிறந்து வளர்ந்தவன், சித்திரை மாதத்திலும் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டுதான் உட்காருகிறான். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்வான்.

போன மாதம் போயிருந்தபோது, மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதை, எங்கே என் குரல் இறங்கிவிடுமோ என்று பயந்து, வேடிக்கைபோலக் கேட்டேன். "அண்ணே, அந்த நெலாச் சண்டையோட பின்பாதிய நான் ஒரு வாரம் முன்னாடியே கொண்டாந்து கொடுத்திருந்தா, போயிருக்க மாட்டல்ல?"

அண்ணன் சாயாவை ஊதினான்.

"நான் பின்பாதியத்தான்டா மொதல்ல படிச்சேன்."